மாறாத முகம்: கணிப்பொறியில் தமிழ் எழுத்தும் தர நிர்ணயமும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிப் பொம்மசந்திராத் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. இத்தகைய தொழிற்பேட்டையின் பட்டறை ஒன்றில் பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டு ஒன்று கடையப்படுவதாகக் கொள்வோம். அதற்குப் பொருந்தவேண்டிய நட்டு கோயம்புத்தூரில் செய்யப்பட்டிருக்கலாம், லூதியானாவில் செய்யப்பட்டிருக்கலாம், ஜெர்மனியிலிருந்து வந்த இயந்திரத்தின் உடலிலேயே அதற்குரிய மரை வெட்டப்பட்டிருக்கவும் கூடும். இவ்விரு பகுதிகளையும் செய்தவர்கள் ஒருவரையொருவர் கண்டவரல்லர். கடிதம் எழுதிக் கேட்டவரும் அல்லர். எனினும் போல்ட்டு நட்டினுள் தடையின்றிச் சுழன்று இறங்குகிறது. இவ்வகைப் போல்ட்டின் பருமரைக்கு மரையிடைத் தூரம் 1.5 மில்லிமீட்டர் என்றும், மரையின் கோணம் 60 பாகை என்றும் உலகத் தரங்கள் வரையறுத்துள்ளன. இந்தியத் தரம் 4218 என்பதும் அதனையே கூறுகிறது. இருவரும் அத்தரத்தைப் பின்பற்றினர், அவ்வளவே.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். போல்ட்டை எஃகில் செய்யலாம், பித்தளையில் செய்யலாம். மரையைக் கடைந்தும் எடுக்கலாம், உருட்டியும் எடுக்கலாம். நாளையே பட்டறை உரிமையாளர் புதிய இயந்திரம் ஒன்றை வாங்கித் தம் செய்முறை முழுவதையும் மாற்றிக்கொள்ளலாம். நட்டைச் செய்பவருக்கு இவற்றை அறிவிக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஆனால் மரையிடைத் தூரத்தை மட்டும் சிறிது மாற்றினாரெனில், அவரை முன்பின் அறியாத பல்லாயிரம் பேருடைய வேலை கெடும். பழைய ஆங்கில இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர்கள் இதனை நன்கு அறிவர். அவற்றில் காணப்படும் விட்வொர்த் மரையில் மூன்றெட்டாம் பங்கு அங்குலப் போல்ட்டின் விட்டம் 9.525 மில்லிமீட்டர், அங்குலத்திற்குப் பதினாறு மரைகள், கோணம் 55 பாகை. எம்-10 போல்ட்டின் அருகில் வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு எளிதில் புலப்படாது. அதன் நட்டை இதில் செலுத்தினால், தளர்வாக ஆடிக்கொண்டே ஏறி ஓரிரு சுற்றில் இறுகி நின்றுவிடும். வலிந்து திருகினால் மரை சிதையும்.

இரு பகுதிகள் ஒன்றையொன்று சந்திக்கும் இம்முகத்தையே இடைமுகம் என்கிறோம். இச்சொல் தமிழுக்குப் புதிது, எனினும் பொருத்தமானது. மனிதரின் உள்ளத்தில் நிகழ்வதை நாம் காண்பதில்லை, முகத்தையே காண்கிறோம். அதுபோலவே ஒரு சாதனத்தின் உள்ளமைப்பை அறியாமலே அதன் முகத்தைக் கொண்டு நாம் அதனோடு பழகுகிறோம்.

கணிப்பொறியின் மென்பொருளும் இவ்வாறே பல பகுதிகளால் ஆனது. ஒரு செயல்நிரல் கோப்பைத் திறக்க விரும்பினால், வட்டின் எப்பகுதியில் அக்கோப்பு உள்ளது என்பதை அது அறியவேண்டுவதில்லை. இயங்குதளத்தை நோக்கி ‘இக்கோப்பைத் திறந்து கொடு’ என்று வரையறுத்த முறையில் கேட்கிறது. இயங்குதளம் வரையறுத்த முறையில் விடை தருகிறது. கேள்வியின் வடிவமும் விடையின் வடிவமும் நிலைத்திருக்கும்வரை, உள்ளே என்ன மாறினாலும் கேட்பவருக்குக் கவலையில்லை. புதிய பதிப்பு வந்த பின்னரும் பழைய கேள்விக்குப் பழைய விடையே கிடைக்கும் தன்மைக்குப் பின்னிணக்கம் என்று பெயர்.

இக்கருத்தை வணிக அளவில் பெரிதும் நிலைநாட்டியது ஐ.பி.எம். நிறுவனம் 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அறிவித்த சிஸ்டம்/360 என்னும் கணிப்பொறிக் குடும்பம் ஆகும். அதற்கு முன்னர் ஒரு பொறியை விட்டுப் பெரிய பொறிக்கு மாறிய அலுவலகம், தன் செயல்நிரல்களைப் பெரும்பாலும் மீண்டும் எழுதவேண்டியிருந்தது. சிஸ்டம்/360-இல் சிறிதும் பெரிதுமான பல மாதிரிகளுக்கு ஒரே கட்டளைத் தொகுதி வகுக்கப்பட்டது. பொறியின் உள்ளுறுப்புகள் மாதிரிக்கு மாதிரி வேறுபட்டன. செயல்நிரல் காணும் முகமோ ஒன்றே. நம் காலத்தில் லினக்ஸ் என்னும் இயங்குதளம் இதே நெறியைக் கடுமையாகக் கைக்கொள்கிறது. 1991-இல் அதனைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருவில் செய்யும் மாற்றம் எதுவும் பயனாளரின் செயல்நிரலைக் கெடுக்கலாகாது என்பதைத் தலையாய விதியாக வற்புறுத்தி வருகிறார். ஆயினும் அதே கருவின் உட்பகுதிகள் தம்முள் பேசிக்கொள்ளும் முறைகளுக்கு இவ்வுறுதி அளிக்கப்படுவதில்லை. அவை அடிக்கடி மாற்றப்படுகின்றன. வெளிமுகம் உறுதியாக நிற்பதனாலேயே உள்ளே இத்துணை உரிமையோடு மாற்ற இயலுகிறது. நிலைத்த தரம் முன்னேற்றத்திற்குத் தடை என்று கூறுவோர் இதனைக் கருதிப் பார்ப்பதில்லை.

எழுத்தும் ஓர் இடைமுகமே

களப்பணியாளரும் ஆசிரியரும் மென்பொருள் எழுதுபவரல்லர். எனினும் இடைமுகம் ஒன்று உடைந்தால் நேரும் துன்பத்தை அவர்களுள் பலர் நேரில் கண்டிருப்பர். இருபது ஆண்டுகளுக்கு முன்பு தமிழில் அடித்துச் சேமித்த வினாத்தாளையோ பயனாளிகள் பட்டியலையோ இன்று திறந்து பாருங்கள். பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிவரியாக நிற்கக் காணலாம். கோப்பு அழியவில்லை, ஒரு புள்ளியும் மாறவில்லை. எழுதியவருக்கும் படிக்கும் பொறிக்கும் இடையே இருந்த உடன்பாடு மட்டும் மறைந்துவிட்டது.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்ற உடன்பாடு இன்றியமையாதது. 1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் முறை 128 எண்களை மட்டும் கொண்டது. ஆங்கிலத்தின் பெரிய ‘ஏ’ எழுத்துக்கு அதில் எண் 65. தொலைஅச்சுப் பொறியின் மணியை ஒலிக்கச் செய்வதற்கென ஏழாம் எண் ஒதுக்கப்பட்டது. அப்பொறிகள் வழக்கொழிந்த பின்னரும், ஏழாம் எண்ணை வேறெந்த எழுத்துக்கும் கொடுக்காமல் இன்றுவரை வைத்திருக்கின்றனர்!

ஓர் எட்டியல் 0 முதல் 255 வரையிலான எண்களை ஏற்கவல்லது. எனவே ஆஸ்கிக்கு மேற்பட்ட 128 இடங்கள் எஞ்சின. தமிழில் எழுத விரும்பியவர்கள் அவ்விடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை அமைத்தனர். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்தனர். இலங்கையிலும் தமிழகத்திலும் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதில் ‘அம்மா’ என்று அடித்த சொல், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகத் தோன்றும். பொறியைப் பொறுத்தவரையில் கோப்பில் இருப்பது தமிழே அன்று. தமிழ் வேடம் பூண்ட ஆங்கிலம். தாளில் அச்சிட்டபோது வடிவம் சரியாக விழுந்தமையால் எவரும் குறை காணவில்லை. தேடும்போதும், அகரவரிசைப்படுத்தும்போதும், மற்றோர் அலுவலகத்திற்கு அனுப்பும்போதுமே குறை வெளிப்பட்டது.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரிசையை வகுத்துக்கொண்ட காலம் அது. இந்நிலையைச் சீர்செய்ய, உலகெங்கும் உள்ள தமிழர் பலர் மின்னஞ்சல் வழியாகக் கலந்து 1990-களின் இறுதியில் திஸ்கி என்னும் முறையை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக, தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தரமாக ஏற்றது. விசைப்பலகை இன்றும் வாழ்கிறது. குறியீட்டு முறைகள் வாழவில்லை. இவ்வேறுபாட்டின் காரணம் எளிது. விசைப்பலகை என்பது விரலுக்கும் பொறிக்கும் இடையேயுள்ள முகம். பின்னால் எந்தக் குறியீட்டு முறை இருப்பினும் அதே விசைகளை அழுத்தலாம். டாம், டாப் என்பனவோ எட்டியலின் 256 இடங்களுக்குள் அடங்க வேண்டியவை. அக்கூண்டையே உலகம் விட்டு நீங்கியது.

பிற மொழிகளும் இதற்கு விலக்கல்ல. கருநாடகத்தில் ‘நுடி’ மென்பொருளின் தொடக்கக் கால எழுத்துருக்களில் அடித்த கன்னடக் கோப்புகளுக்கும் இதே கதி நேர்ந்தது. அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று நம் ரூபாய்க் குறியாகும். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அக்குறியை ஏற்றது. யூனிகோடு முறையில் அதற்கு எண் கிடைத்தது அக்டோபரில். அம்மூன்று திங்கள் இடைவெளியில், விசைப்பலகையின் மூலையிலுள்ள சாய்ந்த மேற்குறியின் இடத்தில் ரூபாய்க் குறியை வைத்த எழுத்துருக்கள் விரைந்து பரவின. அவற்றைக் கொண்டு எழுதிய விலைப்பட்டியலை வேறொரு பொறியில் திறந்தால், ரூபாய்க் குறி இருக்கவேண்டிய இடத்தில் அச்சாய்ந்த குறியே நிற்கும்.

இடம் பெயராத எண்

யூனிகோடு எனப்படும் ஒருங்குறி முறையின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. எட்டியலின் எல்லையை விடுத்து, உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்குவதே அதன் நோக்கம். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ‘அ’ என்பதன் எண் 2949. ‘க’ என்பதன் எண் 2965. இந்திய மொழிகள் அனைத்தையும் ஒரே அமைப்பில் எழுதுவதற்காக நம் நாட்டில் வகுக்கப்பட்ட இஸ்கி முறையின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவியே இவ்வரிசை அமைந்தது. தரம் 1991-இலேயே தோன்றினும், பெருவழக்கிலிருந்த இயங்குதளம் ஒன்று, விண்டோஸ் 2000, அம்முறையில் தமிழைக் காட்டத் தொடங்கியது 2000-ஆம் ஆண்டில்தான். தமிழ்நாட்டில் 1999-இல் எட்டியல் தரங்கள் தேவைப்பட்டதன் காரணம் இதனால் விளங்கும்.

புதிய முறை வந்ததும் உலகிலுள்ள ஆஸ்கிக் கோப்புகள் அனைத்தையும் மாற்றவேண்டிய நிலை ஏற்படவில்லை. 1992-இல் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் வகுத்த யூ.டி.எஃப்-8 என்னும் எழுதுமுறையே அதற்குக் காரணம். அதில் ஆஸ்கியின் 128 குறிகள் முன்போலவே ஓர் எட்டியலில் நிற்கும். ஏனைய எழுத்துகள் இரண்டு, மூன்று அல்லது நான்கு எட்டியல்களைப் பெறும். எனவே 1960-களின் ஆஸ்கிக் கோப்பு, ஓர் எழுத்தும் மாற்றப்படாமல், இன்றைய முறையிலும் செல்லுபடியான கோப்பாகும். பின்னிணக்கத்திற்கு இதனினும் சிறந்த சான்று காண்பது அரிது. இதற்கான விலையை நம்மைப் போன்றோர் சிறிது கொடுக்கிறோம். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று எட்டியல்கள் தேவைப்படுகின்றன.

ஒருங்குறியும் தொடக்கத்தில் தன் சொல்லைக் காத்ததில்லை. 1996-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில், முன்னரே எண் பெற்றிருந்த கொரிய அசையெழுத்துகள் அவ்விடத்திலிருந்து நீக்கப்பட்டு, மொத்தம் 11,172 அசைகளாக வேறோர் இடத்தில் அமைக்கப்பட்டன. முன்பு எழுதப்பட்ட கொரியக் கோப்புகள் புதிய பொறிகளில் பிழைபட்டன. பழைய கோப்புகள் அன்று சிலவாக இருந்தமையால் இழப்பு பொறுக்கக்கூடியதாயிற்று. எனினும் இவ்வாறு இனி ஒருபோதும் செய்வதில்லை என்னும் உறுதி அதன் விளைவாகப் பிறந்தது. இரண்டாம் பதிப்பு முதல், ஒருமுறை எண் பெற்ற எழுத்து இடம் பெயராது, நீக்கப்படாது, அதற்கு இட்ட பெயரும் மாறாது.

பெயரும் மாறாது என்பதன் கடுமையைத் தமிழாசிரியர்கள் உணரும் இடம் ஒன்று உண்டு. நம் ஆய்த எழுத்துக்கு ஒருங்குறி அட்டவணையில் இடப்பட்டுள்ள பெயர் ‘விசர்க்கக் குறி’ என்பதாகும். விசர்க்கம் வடமொழிக்குரியது, ஆய்தம் தமிழுக்கேயுரிய சார்பெழுத்து. பெயர் பிழை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனைத் திருத்தவில்லை. ‘ஆய்தம்’ என்னும் விளக்கக் குறிப்பு மட்டும் அருகில் சேர்க்கப்பட்டது. இதுபோலவே, தமிழில் வழங்காத அனுசுவாரக் குறி ஒன்றும் தமிழ்ப் பகுதியில் எண் பெற்று இருந்துவருகிறது. அப்பெயர்களைக் கொண்டு எழுதப்பட்ட செயல்நிரல்கள் எங்கெங்கு உள்ளன என்பதை எவராலும் கணக்கிட இயலாது. பிழையான பெயரால் ஒருவருடைய கோப்பும் கெடுவதில்லை. திருத்திய பெயரால் கெடக்கூடும்.

இதனினும் ஆழ்ந்த குறை ஒன்றைத் தமிழறிஞர் எடுத்துக்காட்டினர். நம் இலக்கணப்படி உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக எழுத்துகள் 247. ஒருங்குறியிலோ அகரமேறிய மெய்யே அடிப்படை. அதன்மேல் புள்ளி இட்டால் மெய், துணைக்குறி இட்டால் ஏனைய உயிர்மெய். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் சிறுவரும் மூன்று என்பர். கணிப்பொறியோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாக எண்ணுகிறது, யூ.டி.எஃப்-8 முறையில் அது பதினைந்து எட்டியல்களாகிறது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் தோன்றும் என்னும் இலக்கணத்திற்கு இது தலைகீழானது என்ற முறையீடு நியாயமானதே.

இக்குறையைப் போக்க, எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்கும் டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டு முறை வகுக்கப்பட்டது. அதில் ‘தமிழ்’ என்பது மூன்றே எண்கள். எண்ணுவதும் வரிசைப்படுத்துவதும் எளிது. ஆனால் அப்போதே இணையத்திலும் அலுவலகங்களிலும் ஒருங்குறித் தமிழ் பெருகியிருந்தது. உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கோவையில் நடைபெற்ற 2010 ஜூன் திங்களில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, ஒருங்குறியைத் தரமாகவும், ஒருங்குறி இயங்காத இடங்களில் டேஸ்-16 முறையை மாற்றுத் தரமாகவும் ஏற்றது. ஒருங்குறி அமைப்பு தன் அட்டவணையை மாற்றவில்லை. டேஸ்-16 அவரவர் விருப்பப்படி பயன்படுத்தற்கென விடப்பட்ட தனிப்பகுதியின் எண்களிலேயே நிற்கிறது. மாறாக, க், கி, கு போன்ற மெய், உயிர்மெய் எழுத்துகளைக் குறிக்கும் தொடர்களுக்குத் தனிப்பெயர்கள் சூட்டி ஒரு பட்டியலை வெளியிட்டுள்ளது. இலக்கணத்தை மட்டும் கருதின் டேஸ்-16 மேலானது; எழுதிச் சேர்த்துவிட்ட செல்வத்தைக் கருதின் ஒருங்குறியை விட்டு நீங்குதல் தகாது. இரண்டையும் சீர்தூக்குங்கால் பின்னதே கனமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எழுத்தை எண்ணும் வேலையை ஒரு சிறு செயல்நிரல் செய்துவிடும். சிதறிக் கிடக்கும் கோடிக்கணக்கான பக்கங்களை மாற்றும் வேலையை எவரும் செய்து முடிக்கப்போவதில்லை.

எண் நிலைத்திருந்தால் வடிவம் மாறலாம் என்பதற்கும் தமிழிலேயே சான்று உண்டு. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. ஒருங்குறியில் ‘லை’ என்பது லகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்த தொடர். எண்கள் ஒலிக்கு உரியவை, வடிவத்திற்கு உரியவையல்ல. ஆகவே பழைய வடிவங்களைக் கொண்ட எழுத்துரு ஒன்றை நிறுவினால், இன்று அடித்த கோப்பே யானைத் துதிக்கை போன்ற ஐகாரத்துடன் தோன்றும், கோப்பைத் தொடவேண்டுவதில்லை. புதியன சேர்ப்பதற்கும் தடையில்லை. நெல், நிலம் முதலியவற்றை அளக்க நம் முன்னோர் வழங்கிய முந்திரி, மா, காணி போன்ற பின்னங்களின் குறிகள் உள்ளிட்ட 51 குறிகள், 2019-இல் தனியொரு பகுதியில் எண் பெற்றன. பழைய எண் ஒன்றும் அசையவில்லை.

ஆனால் சேர்க்கையும் சில சமயம் சிக்கலை விளைக்கும். ‘ஶ’ என்னும் எழுத்துக்கு 2005-ஆம் ஆண்டுவரை எண் இல்லை. அதுவரை ‘ஸ்ரீ’ என்னும் வடிவம் ஸகரத்தைக் கொண்டே எழுதப்பட்டது. அதன்பின் ஶகரத்தைக் கொண்டு எழுதுவதே முறை என்றாயிற்று. பழைய கோப்புகள் கெடாதிருக்கும் பொருட்டுப் பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டுகின்றன. இதனால் பள்ளிப் பதிவேட்டில் ஸ்ரீதர் என்னும் மாணவனின் பெயர் இருவேறு விதமாக ஏறியிருக்கலாம்; தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. உதவித்தொகைப் பட்டியலையும் சேர்க்கைப் பதிவேட்டையும் பொறியே ஒப்பிடும் இக்காலத்தில் இது சிறு செய்தியன்று.

கண்ணை ஏமாற்றும் இத்தகைய பிழைகள் வேறு சிலவும் உள்ளன. அவற்றிற்குத் தரம் காரணமன்று, தட்டச்சுப் பழக்கமே காரணம். ‘ஔ’ ஓரெழுத்து; ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்தாலும் ஏறக்குறைய அதே வடிவம் தோன்றும். ஔவையாரைத் தேடுபவருக்கு ‘ஒளவையார்’ அகப்படமாட்டார். கௌரவம், பௌர்ணமி முதலிய சொற்களிலும் ஔகாரக் குறிக்கு மாற்றாக எகரக் குறியையும் ளகரத்தையும் இடுவோர் பலர். கால் குறிக்குப் பதிலாக ரகரத்தை இடும் வழக்கமும் உண்டு. ‘கொ’ என்பதைப் பொறுத்தவரை அச்சம் வேண்டா: ஒகரக் குறியை ஒன்றாக இட்டாலும், எகரக் குறியும் காலும் என இரண்டாக இட்டாலும் இரண்டும் சமமே என ஒருங்குறி வரையறுத்துள்ளது; நல்ல மென்பொருள் அவற்றை ஒன்றாகவே கொள்ளும்.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற முற்படுவோர், முதற்கண் அக்கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றிகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. எனினும் டாப் முறையில் உள்ளதைத் திஸ்கி எனக் கருதி மாற்றினால் முழுப் பக்கமும் பாழாகும். படி எடுத்து அப்படியை மட்டுமே மாற்றுக. மூலத்தை அழிக்கலாகாது, அச்சுத்தாள் இருந்தால் அதனையும் வைத்திருத்தல் நன்று. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடங்களையே தமிழ் பிடித்துக்கொண்டமையால், இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் மருந்துப் பெயர்களும் வேதியியல் வாய்பாடுகளும் மாற்றியின் கையில் பொருளற்ற தமிழாகிவிடும். அவற்றை முன்கூட்டியே தனியாகக் குறித்து வைத்து, மாற்றிய பின் மூலத்துடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.